தேர்வுக்கு ஒரு முகம்

நிறங்களுக்குத் தமிழில் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் வேலை. ஒப்பனைப் பொருள்கள் விற்கும் இணையக் கடைக்காக, வீட்டிலிருந்தபடியே, ஆங்கிலத்தில் வரும் விவரங்களைத் தமிழில் எழுதித் தர வேண்டும். தேன், பாதாம், பிஸ்கட், கேரமல், லவங்கப்பட்டை. மனிதத் தோலுக்கு வைத்திருக்கிற பெயர்கள் அத்தனையும் தின்கிற பொருள்கள். ஹைதராபாத்தின் குஷாய்குடாவில் மூன்றாவது மாடியில், காலையில் குடித்த காபி டம்ளர் மேசையிலேயே காய்ந்துகொண்டிருக்க, மதியச் சமையலை நாளைக்குத் தள்ளிவிட்டு, யாருடைய கன்னத்தையோ பிஸ்கட் என்று எழுதுவேன். எழுதிவிட்டு அடிப்பேன். எழுந்து ஜன்னல்வரை போவேன். திரும்பி வந்து மறுபடி பிஸ்கட் என்றே எழுதுவேன்.

அண்டர்டோன் என்ற சொல் வந்த அன்று கை நின்றுவிட்டது. அடிநிறம் என்று போட்டேன். உள்நிறம் என்று மாற்றினேன். தோலுக்குக் கீழேயிருந்து மேலே கசிகிற சாயல் அது. வெயிலில் கறுத்தாலும் காய்ச்சலில் வெளுத்தாலும் மாறாது என்று விளக்கம் சொன்னது. மாறாத ஒன்று எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்று முகப்பூச்சுக் குப்பி சத்தியம் செய்கிறது. எனக்கோ என் முகத்தில் அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி நின்றாள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரமே தார்நாகாவில் ஓர் அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு வகுப்பு. ஒரு சொல்லுக்காகச் சேர்ந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி என்னவென்றால், நானும் கணவரும் சண்டையில்லாமல் பிரிந்து, அவர் வேறு ஊருக்குப் போன பிறகு, என்னோடு ஒரே அறையில் மூச்சுவிட இந்த நகரத்தில் ஆள் இல்லை. ஊருக்கே வந்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. இங்கேயே இருந்துவிட்டேன். அதை முடிவு என்றெல்லாம் சொல்ல முடியாது.

வகுப்பில் மற்ற எல்லோரும் இருபதை ஒட்டிய பெண்கள். பழைய நகரத்திலிருந்து வருகிறவர்கள் சிலர், ஆராய்ச்சிக்கூடக் குடியிருப்புகளிலிருந்து வருகிற படித்த வீட்டுப் பெண்கள் சிலர். ஆசிரியை என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அவர் பேசும் ஹைதராபாத் ஹிந்தி, இத்தனை வருடப் பழக்கத்தில், எனக்குள் தமிழாகத்தான் இறங்கும். முதல் நாளே எல்லோரையும் ஜோடி சேர்த்தார். எதிரில் இருப்பவரின் முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும், எலும்பு எங்கே, பள்ளம் எங்கே என்று. ஜோடி சேர்த்து முடித்தபோது நான் மட்டும் மிஞ்சினேன்.

"அம்மா, நீங்க கண்ணாடியோட ஜோடி போட்டுக்குங்க," என்றார் ஆசிரியை. "அது ஒண்ணுதான் எதிர்த்துப் பேசாது."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணை மூடி என் கன்ன எலும்பைத் தொட்டேன். நம் முகத்தை நாமே தொடுவது ஒரு கையால் கைதட்டுகிற மாதிரி.

ஆனால் பாடங்கள் எனக்குப் பிடித்திருந்தன. வட்டமாக வரைந்த நிறச் சக்கரத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும். சிவந்த பருவின் மேல் பச்சை. நம் நாட்டுத் தோலில் கண்ணுக்கடியில் விழுகிற கருவளையம் உண்மையில் கறுப்பல்ல, நீலம் கலந்த பழுப்பு. அதன் மேல் வெள்ளையாக எதையாவது அப்பினால் சாம்பல் பூத்துவிடும். முதலில் ஆரஞ்சு வைக்க வேண்டும். முகத்தில் ஆரஞ்சா என்று பயந்துகொண்டே விரல்நுனியால் ஒற்றினால், நீலம் எங்கோ போய்விடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிச்சமாகத் தோலை விட்டுப் போகின்றன. நான் தொடர்ந்து இரண்டு வாரம் இதையே யோசித்துக்கொண்டு பேருந்தில் வந்தேன்.

"தேய்க்காதீங்க! நக்கோ, நக்கோ!" என்று ஆசிரியை கத்துவார். "சுவத்துக்கு சுண்ணாம்பா அடிக்கிறீங்க? ஸ்பாஞ்ச நனைங்க, பிழிங்க, ஒத்துங்க. முகம்மா அது. உள்ள ஆள் இருக்கு."

ஃபவுண்டேஷன் என்கிற அடிப்பூச்சின் நிறத்தைக் கன்னத்தில் பார்க்கக் கூடாது. தாடையோரத்தில், கழுத்தை ஒட்டி ஒரு கோடு இழுக்க வேண்டும். ஜன்னலுக்குக் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோடு காணாமல் போனால் அதுதான் அந்த முகத்தின் நிறம். கண்ணுக்குத் தெரிந்தால் தவறு. நான் கற்ற கலைகளில், காணாமல் போவதுதான் வெற்றி என்று வெளிப்படையாகச் சொன்னது இது ஒன்றுதான்.

பிறகு தேர்வு அறிவித்தார்கள். ஆளுக்கொரு முகம் கொண்டுவர வேண்டும். வகுப்புத் தோழி கூடாது, தன் முகம் கூடாது. நாற்பது வயது தாண்டியவர், உங்கள் சொந்த மனிதர் யாராவது. சுருக்கம் விழுந்த தோலில் கை எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். முன்கூட்டியே ஒருநாள் அவரை உட்காரவைத்து, நிறம் கண்டுபிடித்து, கலந்து, சிறு டப்பாவில் எடுத்து வர வேண்டும். தேர்வன்று மற்றவரிடம் கடன் வாங்க முடியாது. பெண்கள் அங்கேயே போனை எடுத்துவிட்டார்கள். அம்மா, பெரியம்மா, மாமியார் என்று அறை முழுக்க ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். நான் ஸ்பாஞ்சைக் கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவியிருந்ததுதான்.

ஒரு முகத்துக்காக இந்த நகரத்தில் நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் வேடிக்கையாக இருக்கும். கீழ்வீட்டு தெலுங்குக்காரம்மாவிடம் கேட்டேன். பார்த்தால் சிரிப்பார், மின்சாரம் போனால் உங்களுக்கும் போச்சா என்று கேட்பார். அந்த அளவுக்குச் சிநேகம். மேக்கப் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நான் ஏதோ கம்பெனிப் பொருளை விற்று, அவரையும் அதில் ஆள் சேர்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "எங்க வீட்ல யாரும் வாங்கறதில்லங்க," என்று கதவை நோகாமல் சாத்தினார். தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் இருக்கிறேன். ஐடி வேலைக்கு வந்தவர்கள், எல்லோரும் அன்பானவர்கள். அதில் போட்டேன். கட்டைவிரல்கள் வந்தன. "ஆல் தி பெஸ்ட் அக்கா" வந்தது. அதன் கீழேயே யாரோ நல்ல முருங்கைக்காய் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போங்க என்று உடனே ஏழெட்டுப் பேர் பதில் எழுதினார்கள்.

கடைசியில் கிடைத்த முகம் பேருந்தில் கிடைத்தது.

அவரை எனக்குச் சில மாதங்களாகத் தெரியும். ரயில்வே ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிறவர். அறுபதுக்கு மேல் இருக்கும். கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்று, இறந்தும்விட்டார். ஜோலார்பேட்டைப் பக்கத்துக் குடும்பம், இங்கே வந்து மூன்று தலைமுறை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இப்போது மகனோடு குஷாய்குடாவில். நான் போனில் தமிழில் பேசியதைக் கேட்டு ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், அதிலிருந்து எனக்கும் இடம் போட்டு வைப்பார்.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப் போயிருக்குது? யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லலக்கா. அதான்க்கா கஷ்டமே."

விவரத்தைச் சொன்னேன். கடைசியாக, கேட்கவே கூச்சமாக, "உங்க முகத்த ஒரு நாளைக்குத் தர முடியுமாக்கா?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. "ஹவ், ஆமா, நல்லா இருந்த காலத்துல எவனும் கேக்கல. இப்ப வந்து கேக்குது பாரு இந்தப் பொண்ணு."

"நிஜமாத்தான்க்கா."

"நக்கோம்மா, நக்கோ. மருமக பார்த்தா சிரிப்பா. இந்த வயசுல உனக்கு லிப்ஸ்டிக் கேக்குதான்னு." தார்நாகாவில் இறங்க மறந்து நான் மெட்டுகுடாவரை உட்கார்ந்திருந்தேன். "எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார்.

"ஒரு மணி நேரம். அதுக்கு முன்னாடி ஒருநாள் எங்க வீட்டுக்கு வரணும்."

"வீட்டுக்கா? வீட்ல யாரு இருக்காங்க?"

"நான்தான்."

"அப்ப பேசிக்கினு இருக்கலாம்," என்றார். "பேரப்பையன் கிட்ட நான் தமிழ்ல சொன்னா அவன் தெலுங்குல பதில் சொல்றான். சமயத்துல என்னான்னே புரிய மாட்டேங்குது. நான் பெத்தவன் வீட்லயே நான் சப்டைட்டில் இல்லாத படம் மாதிரி."

சொன்னபடியே வந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டேன். காலை வெயில் நேராக விழாமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிற நேரம். நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வாய் மூடவில்லை. ஒர்க்‌ஷாப்பின் காலைச் சங்கு, குவார்ட்டர்ஸ் கிணறு, இறந்துபோன கணவர் என்று ஓடிக்கொண்டிருந்தார். இன்னொருவரின் முகத்தை நான் தொட்டு எத்தனை காலமாகியிருக்கும் என்று யோசித்து, யோசனையைப் பாதியில் விட்டேன். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. கன்னத்தின் கீழே பல் போன இடத்தில் ஒரு பள்ளம். பேசும்போது அது என் விரலுக்கடியில் திறந்து மூடியது.

மஞ்சள் வாசனை அடித்தது. "அவரு போனப்புறம் மஞ்சள நிறுத்துன்னாங்க," என்றார் கண்ணைத் திறக்காமலே. "யாரு நிறுத்தறது? எம் மூஞ்சி, எம் மஞ்ச. இன்னைக்கும் பூசிக்கினுதான் குளிச்சேன்." துடைத்தபோது பஞ்சில் லேசான மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அதையும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கியவர்கள், அடித்தவர்கள், கொஞ்சியவர்கள் எல்லோரிடமும் இருந்த வாசனை அது. மூக்கு அதை வாசனையாகவே கணக்கெடுக்கவில்லை. கண்ணும் அப்படியே.

தாடையோரத்தில் கோடு இழுத்தேன். தெரிந்தது. கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக் கலந்து இன்னொரு கோடு. இன்னும் தெரிந்தது. மேலும் மஞ்சள். நாலாவது கோடு தோலுக்குள் போய்விட்டது. எவ்வளவு திருப்பிப் பார்த்தும் அதைக் காணவில்லை. ஒரு மனுஷியின் மாறாத நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பொன்மஞ்சள் அடிநிறம். டப்பாவில் வழித்து மூடினேன். அவர் போன பிறகும் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் இன்னொருவர் இருப்பது போலிருந்தது.

தேர்வன்று அவர் பட்டுப்புடவையில் வந்தார். வகுப்புப் பெண்கள் கூட்டிவந்த அம்மாக்களின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ கேட்டதற்கு, "இவ எங்க ஊர்ப் பொண்ணு," என்று என்னைக் காட்டித் தெலுங்கில் சொன்னார். என் ஊருக்கும் அவர் ஊருக்கும் இடையே தமிழ்நாடே கிடக்கிறது. நான் திருத்தவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேசாத பெண்மணி. மணி அடித்ததும் ஆரம்பித்தேன். துடைத்தேன். ஈரப்பதக் களிம்பு தடவினேன். கண்ணுக்கடியில் ஆரஞ்சு ஒற்றினேன், நீலம் போனது. டப்பாவைத் திறந்து, நெற்றியிலிருந்து ஸ்பாஞ்சால் ஒற்றிக்கொண்டு இறங்கினேன். கை நன்றாக ஓடியது. தாடைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். கோடு இருந்தது. கோடு என்ன, எல்லைச்சுவர். மேலே பூசணிப்பூ மாதிரி முகம். கீழே கழுத்து வேறு யாருடையதோ.

டப்பா மாறிவிட்டதா என்று பார்த்தேன். இல்லை. ஜன்னலுக்குத் திருப்பினேன். இன்னும் மோசம். பூசாத காதோரத்தைப் பார்த்தேன்: மங்கலான செம்பழுப்பு. இதற்கு முன் நான் பார்த்தேயிராத தோல்.

"அக்கா, இன்னைக்கு மஞ்சள் பூசலையா?"

"பூசுவனா?" என்றார், பெருமையாக. "மேக்கப்புக்கு மஞ்ச ஆவாதுன்னு மருமக சொன்னா. ஒரு வாரமாத் தொடல. தினம் கடலமாவு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துட்டேன். பரீட்ச இல்ல? உனக்கு மூஞ்சி சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்."

நான் கண்டுபிடித்த மாறாத நிறம், அவர் குளியலறை மாடத்தில் இருக்கும் மஞ்சள் பொடி. அவ்வளவுதான். தமிழ்ப் பெண்ணாய்ப் பிறந்த எனக்கே தெரியாமல் போனால் வேறு யாருக்குத் தெரியும்?

மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா என்று பாடம் சொன்னது. இளம் ஊதாவை எடுத்து மேலே ஒற்றினேன். மஞ்சள் அடங்கியது, கூடவே முகமும் அடங்கியது. சாம்பல் நிறத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு வழி இருந்தது. கழுத்துக்கும் காதுக்கும் இதையே பூசி, கோட்டை மறைத்து, கண்ணையும் உதட்டையும் பளிச்சென்று போட்டுத் தள்ளிவிடலாம். வகுப்பில் சிலர் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். அல்லது துடைக்கலாம்.

பஞ்சை எடுத்தேன்.

"ஐயோ, ஏன்மா? நல்லாத்தானே இருந்திச்சு?"

"இல்லக்கா. இது நீங்க இல்ல."

"நான் இல்லன்னா போவுது. நீ பாஸாவணுமில்ல?"

துடைக்க நேரம் பிடித்தது; சுருக்கங்களுக்குள் போனது எளிதில் வராது. பெட்டியில் வேறு ஃபவுண்டேஷன் இல்லை. கண்ணுக்கடியில் மட்டும் திரும்ப ஆரஞ்சு வைத்து, மேலே நிறமில்லாத பவுடரைப் பூவால் தட்டுவது போலத் தட்டினேன். ஒரு புருவம் முடித்தேன். அடுத்த புருவத்துக்குப் போகும்போது மணி அடித்துவிட்டது.

தேர்வாளர் வந்து நின்றார். அக்காவின் மோவாயைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஏதோ எழுதினார். முடிவு அன்றே சொன்னார்கள். தேறாதவள் நான் ஒருத்தி. எல்லோரும் போன பிறகு ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த மாசம் மறுபடி வாங்கம்மா. உங்களுக்கு ஆள் கெடைக்கறது கஷ்டம்னு தெரியும். பரவால்ல, நான் சொல்லிக்கறேன். உங்க முகத்துலயே நீங்க போட்டுக்கலாம்."

நல்ல மனசோடு சொன்னார். ஆனால் அது எனக்குத் தேறாமல் போனதைவிட வலித்தது. இந்த அம்மாவுக்கு யாருமில்லை என்று என் முகத்திலிருந்தே படித்துவிட்டார் போல. எந்த வெளிச்சத்திலும் மறைக்க முடியாத ஏதோ ஒன்றை.

"இல்லைங்க," என்றேன். "ஆளோடயே வர்றேன்."

ஆள் வெளியே கரும்புச்சாறு வண்டியருகில் நின்றுகொண்டிருந்தார். ஒரு புருவம் தீட்டியது, ஒரு புருவம் நரைத்தது. பட்டுப்புடவை. போகிறவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவும் தெரிந்தது, பிடித்தும் இருந்தது.

"பெயிலா?"

"ஆமாம்க்கா."

"என்னாலயா?"

"இல்ல. எனக்குப் பாக்கத் தெரியல."

சாறைக் குடித்து முடித்து, டம்ளரை வண்டியில் வைத்தார். கேட்டுவிட வேண்டும் என்று நின்றேன். கேட்டு, முடியாது என்றால், பேருந்தில் எனக்குப் போட்டுவைக்கும் இடமும் போய்விடுமோ என்ற பயம்.

"அடுத்த மாசம் ஒரு தடவ வரணும்க்கா. வருவீங்களா?"

"வர்றேன்னு இங்க ரோட்ல நின்னு சொல்ல மாட்டேன்." பையைத் தோளில் மாட்டினார். "போன்லயும் கேக்காத. வீட்டுக்கு வந்து கேளு. மருமக இருக்கறப்ப வா. எனக்கும் தேடிக்கினு வர ஒரு ஆள் இருக்குதுன்னு அவளும் பாக்கட்டும்."

"எந்த வீடுக்கா?"

"தண்ணி டேங்கு தாண்டி மூணாவது சந்து. பச்ச கேட்டு. அங்க போயி என்னக் கேக்காத, யாருக்கும் தெரியாது. பையன் பேரச் சொல்லிக் கேளு."

மகனுடைய பெயரைச் சொன்னார். பேருந்து வந்துகொண்டிருந்தது. நான் அவருடைய பெயரைக் கேட்டேன். அவ்வளவு சத்தத்தில் முதல் முறை காதில் விழவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார்.